ஜெர்மனியில் சர்வதேசப் பொருளாதார முதுகலை: மதிப்பெண் பட்டியலிலிருந்து விசா வரை

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சர்வதேசப் பொருளாதாரத்தையும் பொருளாதாரக் கொள்கையையும் ஆங்கில வழியிலேயே முதுகலையாகப் படிக்கலாம், பெரும்பாலான இடங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. இந்தச் செய்தி எல்லோர் காதுக்கும் எட்டிவிட்டது. விண்ணப்பங்கள் எந்த இடத்தில் அடிபடுகின்றன என்பதுதான் யாரும் சொல்லாதது. எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரை) சுமாராக இருந்ததால் போனவை குறைவு. கிரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் உரிய பாட அலகு) கணக்கு தேறாததாலும், ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தூதரகப் பிரிவு தருவது) கடைசித் தேதிக்குள் கைக்கு வராததாலும் போனவையே அதிகம். ஆகவே அந்த இரண்டையும் விரிவாகப் பார்ப்போம்.

அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்குச் சேர்வதாக வைத்து எழுதியிருக்கிறோம். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த அலுவலகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

1. படிப்பைத் தேர்ந்தெடுப்பது

டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தின் படிப்புத் தேடலில் 'எகனாமிக்ஸ்', 'மாஸ்டர்', 'ஆங்கிலம்' என்று வடிகட்டினால் நீண்ட பட்டியல் வரும். நம் துறைக்கு நேராக வருபவை சில. கோட்டிங்கனில் இன்டர்நேஷனல் எகனாமிக்ஸ் எம்.ஏ., வூர்ஸ்பர்க்கில் இன்டர்நேஷனல் எகனாமிக் பாலிசி எம்.எஸ்சி., பெர்லினில் ஹெச்டபிள்யூஆர் என்ற பொருளாதார, சட்ட உயர்கல்வி நிறுவனத்தில் இன்டர்நேஷனல் எகனாமிக்ஸ் எம்.ஏ. ஆகியவற்றை முதலில் பாருங்கள். கீல் பல்கலைக்கழகப் படிப்பு கணிதம் கனத்தது. உலகப் பொருளாதார ஆய்வு நிறுவனமும் அதே ஊரில்தான் இருக்கிறது. ஹெச்டபிள்யூஆர் பொருளாதார அறிஞர் கெயின்ஸின் மரபு, அரசியல் பொருளாதாரம் பக்கம் சாய்ந்தது. பிஎச்.டி. எண்ணம் இருந்தால் கணிதம் கனத்த இடம் நல்லது. அரசு, தொண்டு நிறுவனம், சர்வதேச அமைப்பு என்று போக நினைப்பவர்களுக்குக் கொள்கை சார்ந்த இடம் ஒத்துவரும்.

பெயரில் 'பாலிசி' இருப்பதை வைத்துக் கணக்கு குறைவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு படிப்புக்கும் 'மாட்யூல் ஹேண்ட்புக்' என்ற பிடிஎஃப் உண்டு. அதில் எகனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் வழியாக அலசும் பாடம்) எத்தனை கட்டாயத் தாள், மைக்ரோ, மேக்ரோ எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால் படிப்பின் உண்மையான நிறம் தெரிந்துவிடும்.

கட்டண விஷயத்தில் இரண்டு விலக்குகள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலப் பல்கலைக்கழகங்கள் (டூபிங்கன், ஹைடல்பர்க், ஃப்ரைபர்க், மன்ஹைம், ஹோஹன்ஹைம்) ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் பருவந்தோறும் மாணவர் சேவைகளுக்காகக் கட்டும் பங்களிப்பு மட்டும்தான். பல ஊர்களில் அதிலேயே பேருந்து, ரயில் பயணச்சீட்டும் அடங்கிவிடும். தனியார் கல்லூரிகளின் கதை வேறு. 'இலவச ஆலோசனை' தரும் கன்சல்டன்சிகள் பல, தனியார் கல்லூரிகளின் கமிஷனில் நடப்பவை. அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னதும் அவர்கள் பேச்சை மாற்றினால் காரணம் புரிந்துகொள்ளுங்கள்.

2. கிரெடிட் கணக்கு: உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை

ஜெர்மனியில் மூன்றாண்டு இளங்கலை என்பது 180 இசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் அலகு). சேர்க்கை விதிகளில் 'பொருளாதாரத் தாள்கள் இத்தனை இசிடிஎஸ், கணிதம் மற்றும் புள்ளியியல் இத்தனை இசிடிஎஸ்' என்று எழுதியிருக்கும். ஓர் இசிடிஎஸ் குறைந்தாலும் உங்கள் 85 சதவீத மதிப்பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கலைக்கல்லூரிப் பட்டத்தில் பொதுவாக மொத்தம் 140 கிரெடிட். 180-ஐ 140-ஆல் வகுத்தால் 1.29. உங்கள் ஒவ்வொரு கிரெடிட்டும் ஏறத்தாழ 1.29 இசிடிஎஸ். இறுதி முடிவு பல்கலைக்கழகத்தின் கையில்தான் என்றாலும், நீங்கள் தேறுவீர்களா என்று முன்கூட்டியே அறிய இந்தக் கணக்கு போதும்.

ஓர் உதாரணம். பி.ஏ. பொருளாதாரத்தில் மேஜர் தாள்கள் 15, தலா 4 கிரெடிட் என்றால் 60 கிரெடிட். அது 77 இசிடிஎஸ். பொருளாதாரத்துக்கு இது பெரும்பாலான இடங்களில் போதும். புள்ளியியலும் கணிதமும் சேர்ந்து 8 கிரெடிட் என்றால் 10 இசிடிஎஸ்தான். அந்தப் படிப்பு 15 கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் சேர்ந்த கிரெடிட்டுகள் மொத்தக் கணக்கில் வரும், துறைக் கணக்கில் வராது. பலர் இதைக் கவனிக்காமல் மொத்தத்தை வைத்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

பி.காம்., பிபிஏ முடித்தவர்களுக்கு இங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. கணக்கியல், வரி, மார்க்கெட்டிங் எதுவும் பொருளாதாரத் தாளாக எண்ணப்படாது. 'பிசினஸ் எகனாமிக்ஸ்', 'இந்தியப் பொருளாதாரம்' என்று ஒன்றிரண்டு தாள்தான் தேறும். பொறியியல் முடித்தவர்களுக்கு நிலைமை தலைகீழ்: கணிதம் ஏராளம், பொருளாதாரம் கிட்டத்தட்ட சுழியம்.

குறையை ஸ்வயம், என்பிடெல் ஆன்லைன் படிப்புச் சான்றிதழ்களால் நிரப்பிவிடலாமா? உங்கள் கல்லூரி அந்தக் கிரெடிட்டை மதிப்பெண் பட்டியலிலேயே ஏற்றியிருந்தால் கைகொடுக்கும். தனிச் சான்றிதழாகக் கையில் இருந்தால் எஸ்ஓபியில் ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான். உறுதியான வழி, இங்கேயே எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்து மைக்ரோ, மேக்ரோ, எகனோமெட்ரிக்ஸ் தாள்களை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது. இரண்டு பட்டங்களின் தாள்களையும் சேர்த்து எண்ணும் இடங்கள் உண்டு. படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு மூன்றே வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

கையோடு ஓர் அட்டவணை தயார் செய்யுங்கள்: தாளின் பெயர், பருவம், கிரெடிட், பாடநூல், எந்தப் பிரிவில் சேரும் என்ற ஐந்து பத்திகள் போதும். கல்லூரித் தளத்திலிருந்து பாடத்திட்டத்தை இறக்கி, துறைத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள். 'குவான்டிடேட்டிவ் மெத்தட்ஸ்' என்ற தலைப்பைப் பார்த்து உள்ளே என்ன நடத்தினார்கள் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. வகைநுண்கணிதமும் ரிக்ரெஷனும் பாடத்திட்டத்தில் இருப்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

3. உங்கள் ஜெர்மன் மதிப்பெண்

அங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை. பல படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கும். மாற்றுவதற்குப் பவேரியச் சூத்திரம் இருக்கிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழியுங்கள், உச்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழித்து வருவதால் அதை வகுங்கள், 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள்.

நூற்றுக்கு 72, தேர்ச்சி 40 என்றால்: 28-ஐ 60-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட 2.4.

தேர்ச்சி எல்லையை எதுவென்று எடுக்கிறீர்கள் என்பதில் விடை மாறிவிடும். சிஜிபிஏ 7.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி 4 என்றால் 2.2 வரும். தேர்ச்சி 5 என்றால் 2.44. எல்லை 2.3 என்று இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் உள்ளே வெளியே ஆட்டம். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும் கிரேடு விளக்கத்தையும் ஸ்கேன் செய்து சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த எண்ணைப் போட்டுக்கொள்வார்கள்.

4. ஏபிஎஸ் சான்றிதழ்

இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சோதிக்கும் ஜெர்மன் தூதரகப் பிரிவு இது. டெல்லியில் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு இந்தப் பிரிவு தரும் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. (இலங்கையில் படித்தவர்களுக்கு இந்தப் படி இல்லை. அவர்கள் அடுத்த படிக்கே போகலாம்.)

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ் அல்லது புரொவிஷனல், பாஸ்போர்ட் நகல் ஆகியவை தேவை. இறுதியாண்டில் இருப்பவர்களும் அதுவரை வந்த மதிப்பெண்களோடு விண்ணப்பிக்கலாம். அரியர் வைத்துத் தேறியிருந்தால் அந்தப் பழைய பட்டியல்களையும் மறைக்காமல் வையுங்கள். விட்டால் கோப்பு முழுமையில்லை என்று நின்றுவிடும்.

சில வாரங்களில் வரும் என்று சொல்வார்கள். விண்ணப்பங்கள் குவியும் மாதங்களில் அந்தச் சில வாரங்கள் நீளும். உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ சரிபார்ப்புக்குப் பதில் அனுப்பத் தாமதித்தாலும் நீளும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. அக்டோபரில் சேர வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள். சேர்க்கை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நடக்காது. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே இதைக் கேட்கின்றன.

5. இனிஷியல் பிரச்சினை

தமிழர்களுக்கே உரிய தலைவலி. பட்டத்தில் 'கார்த்திகேயன் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன்' என்பது பெயராகவும் 'சுப்பிரமணியன்' என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலில் இனிஷியல் முன்னால் நிற்கும். ஜெர்மன் அலுவலருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். ஏபிஎஸ், ஐஈஎல்டிஎஸ், விண்ணப்பத் தளம், விமானச்சீட்டு வரை. மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி எல்லா இடத்திலும் இணையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் முதல் வேலையாகத் திருத்தி மறுவெளியீடு வாங்குங்கள். ஏபிஎஸ் வந்த பிறகு திருத்தினால் பாஸ்போர்ட் எண்ணும் மாறி, மறுபடி விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும்.

6. ஆங்கிலம், கடிதங்கள், எஸ்ஓபி

ஐஈஎல்டிஎஸ் 6.5 என்பது வழக்கமான எல்லை. கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல் வரும். 'ஆங்கில வழியில் படித்தார்' என்ற கல்லூரிச் சான்றிதழை ஏற்கும் இடங்கள் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சில பொருளாதாரத் துறைகள் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கும். கேட்காத இடங்களும் நிறைய இருப்பதால், பட்டியல் முடிவான பிறகு எழுதலாமா என்று யோசியுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சல் முகவரி வேண்டும். ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. அவருக்கு அப்படி ஒரு முகவரியே இல்லையென்றால் கல்லூரி லெட்டர்ஹெட்டில் கையொப்பமிட்ட ஸ்கேன் வாங்குங்கள்.

எஸ்ஓபியில் 'சிறு வயது முதலே பொருளாதாரத்தில் ஆர்வம்' என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். கேள்வி ஒன்றை வையுங்கள். வங்கதேச ஆயத்த ஆடைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்கத் தீர்வை இல்லை என்ற சலுகை திருப்பூர் ஏற்றுமதியை எந்த வகைத் துணிகளில் அதிகம் பாதித்தது? ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லைத் தீர்வை (உற்பத்தியின் கரிம உமிழ்வுக்கேற்ப இறக்குமதிக்கு விதிப்பது) இந்திய எஃகு ஏற்றுமதிக்கு என்ன செய்யும்? இப்படி ஒரு கேள்வி, அதற்கு நீங்கள் பார்த்திருக்கும் தரவு, அதைத் தீர்க்க அந்தப் படிப்பின் எந்தத் தாள் உதவும் என்று ஒன்றரைப் பக்கத்தில் முடியுங்கள். ஒரே எஸ்ஓபியில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஐந்து இடத்துக்கு அனுப்புவது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், குறிப்பாகப் பழைய ஊர்ப் பெயர் ஓரிடத்தில் மாறாமல் நின்றிருந்தால்.

7. விண்ணப்பம்

சில பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலேயே வாங்கும். சில, பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சோதிக்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு வழியாக வாங்கும். யூனி-அசிஸ்ட்டில் ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நான்கு இடம் என்றால் 165. பணம் போய்ச் சேரும் வரை கோப்பைத் திறக்க மாட்டார்கள், ஆகவே கடைசி நாளில் கட்டாதீர்கள். சில இடங்கள் யூனி-அசிஸ்ட்டிடம் விபிடி என்ற முன்மதிப்பீட்டுக் கடிதம் வாங்கி, அதைப் பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே ஏற்றச் சொல்லும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் தனியாக ஒதுக்குங்கள்.

கடைசித் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 'ஜூலை 15' என்று பல பக்கங்களில் பார்ப்பீர்கள். பெரும்பாலும் அது ஜெர்மன் பட்டம் பெற்றவர்களுக்கானது. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கு ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் எங்காவது ஒரு தேதி இருக்கும். ஒவ்வொரு படிப்புக்கும் அதன் சொந்தப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாண்டு வேலை அனுபவம் இருப்பவர்கள் டிஏஏடியின் இபிஓஎஸ் உதவித்தொகையையும் பாருங்கள். பட்டம் பெற்று ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பொதுக் கொள்கைப் படிப்புகளுக்கு ஹெல்முட் ஷ்மிட் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. இவற்றின் கடைசித் தேதிகள் சேர்க்கைத் தேதிக்குப் பல மாதம் முன்பே போய்விடும்.

8. பணம்

விசாவுக்காக, ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் (மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) போட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கு வரும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 11.9 லட்சம். இங்கே மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி. ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்புவது 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வங்கி வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். அப்பா ஒரு பகுதி, அம்மா ஒரு பகுதி என்று தனித்தனி பான் எண்ணில் அனுப்பினால் எல்லையைத் தாண்டாது. கணக்கைத் தரும் நிறுவனம் இருவர் அனுப்புவதை ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிடித்தம் இல்லை.

இரண்டு, இடைவங்கிக் கட்டணம். சரியாக 11,904 அனுப்பினால் வழியில் 20, 30 யூரோ கழிந்து போய்ச் சேரும். தொகை குறைந்தால் உறுதிக் கடிதம் வராது. எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்று வங்கியில் குறிப்பிட்டு, 50 யூரோ கூடுதலாக அனுப்புங்கள். கணக்குத் திறப்புக் கட்டணம் தனி.

மூன்று, கல்விக் கடன். கல்விக் கட்டணமே இல்லாத படிப்புக்கு ஏன் கடன் என்று வங்கி மேலாளர் கேட்பார். வாழ்க்கைச் செலவை மொத்தமாக பிளாக்டு அக்கவுண்டுக்கு அனுப்புவீர்களா என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகக் கேளுங்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு 'பருவம் பருவமாகத்தான் தருவோம்' என்றால் விசாவுக்கு உதவாது.

இதற்கு மேல் 1,500 முதல் 2,000 யூரோவரை கையிருப்பு வேண்டும். வீட்டு முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்க சட்டத்தில் இடம் உண்டு, பிளாக்டு அக்கவுண்டின் முதல் தவணையோ போன உடனே வந்துவிடாது.

9. விசா

இப்போது விண்ணப்பம் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆன்லைன் தளத்தில். ஆவணங்களை ஏற்றி, அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகு கைரேகைக்கு நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களின் கோப்பு சென்னைத் துணைத் தூதரகத்துக்குப் போகும். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்ட வேண்டும்.

சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, மருத்துவக் காப்பீடு, மதிப்பெண் பட்டியல்கள், ஆங்கிலச் சான்று, சுயவிவரம், நோக்கக் கடிதம் ஆகியவை வேண்டும். நோக்கக் கடிதத்தில் எஸ்ஓபியை அப்படியே ஒட்டாதீர்கள். இதைப் படிப்பவர் விசா அதிகாரி. ஏன் ஜெர்மனி, படிப்பில் இடைவெளி இருந்தால் அந்த நாட்களில் என்ன செய்தீர்கள், முடித்தபின் என்ன திட்டம் என்பதே அவருக்கு வேண்டும்.

மறுத்தால் தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வசதி 2025 ஜூலை 1 முதல் இல்லை. மறுபடி புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். பழைய யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு 'மறுத்தால் அப்பீல் போடலாம்' என்று அரைகுறைக் கோப்பை அனுப்பாதீர்கள்.

காப்பீட்டில் ஒரு விஷயம். 30 வயதுக்குள் இருந்தால் அரசுக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் கிடைக்கும், மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். 30 தாண்டியவர்களுக்கு அது கிடையாது. தனியார் காப்பீடு எடுக்கும் முன் அதில் என்ன அடங்குகிறது என்று வரிவரியாகப் படியுங்கள்.

10. போய் இறங்கிய பிறகு

மாணவர் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பதிவு செய்யுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம். வீட்டைப் பார்க்காமல், சாவி கூரியரில் வரும் என்று சொல்பவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். அது மோசடி.

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு. அதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும். அதைத் தர மறுக்கும் வீட்டுக்குக் குடிபோகாதீர்கள். பதிவுச் சீட்டு இருந்தால்தான் வங்கிக் கணக்கு, பிளாக்டு அக்கவுண்ட் தவணை, தங்கும் அனுமதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். தங்கும் அனுமதிக்கு விசா முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே முன்பதிவு செய்யுங்கள். ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோவுக்கு ஒரு கடிதம் வரும். அது மோசடியல்ல. வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், அறைத் தோழர்களோடு பங்கிட்டுக்கொள்ளலாம்.

வேலை ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் செய்யலாம். பேராசிரியரிடம் மாணவர் உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது, பின்னால் ஆய்வுக் கட்டுரைக்கும் உதவும். தரவு அலசும் மென்பொருள்களான ஸ்டாட்டா அல்லது ஆர் தெரிந்தவர்களுக்கு அந்த வேலை சீக்கிரம் அமையும்.

படிப்பு 120 இசிடிஎஸ், நான்கு பருவம். வகுப்புக்குப் போனால் தேர்வு எழுதிவிடலாம் என்றில்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும், தேதி தவறினால் அந்தப் பருவம் போச்சு. ஒரே கட்டாயத் தாளில் அனுமதித்த முயற்சிகளை (பல இடங்களில் மூன்று) தோற்றுத் தீர்த்தால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், ஜெர்மனியில் வேறெங்கும் அதே படிப்பில் சேரவும் முடியாமல் போகலாம். நம் ஊர் அரியர் போல எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதும் வசதி அங்கே இல்லை. பெரும்பாலும் கவிழ்ப்பது முதல் பருவத்து மைக்ரோவும் எகனோமெட்ரிக்ஸும்தான். விசாவுக்குக் காத்திருக்கும் வாரங்களில் லக்ராஞ்சு முறை (கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காணும் கணித வழி), அணிகள், ஓஎல்எஸ் (ரிக்ரெஷனின் அடிப்படை முறை) நிரூபணம் மூன்றையும் தாளில் எழுதிப் பழகுங்கள். தயாராகாத தேர்வுக்குப் பதிவை நீக்க எத்தனை நாள் முன்வரை இடம் உண்டு என்பதைத் தேர்வு விதிமுறைப் பிடிஎஃப்பில் முதல் வாரமே பார்த்து வையுங்கள்.